கிளிப் கழற்றிய பிறகு ரிட்டெய்னர் பொருந்தவில்லை, என்ன செய்வது?

கேள்வி: டாக்டர், வணக்கம். எனக்கு வயது 23. ரங்கூனில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சென்னையில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தபோது பல்லுக்குக் கிளிப் போட்டார்கள். கழற்றி மூன்று மாதம் ஆகிறது. பல் மறுபடி நகராமல் பிடித்து வைக்க, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் ரிட்டெய்னர் ஒன்றைக் கொடுத்து, சாப்பிடும் நேரம் தவிர இரவு பகலாகப் போடச் சொன்னார்கள். போட்டால் 'ச', 'ஸ' சரியாக வரவில்லை. எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. மேல் ஈறில் இடது பக்கம் குத்திப் புண்ணாகிவிட்டது. மோல்மீனில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனபோது பத்து நாள் போடாமல் விட்டேன். திரும்பி வந்ததும், கிருமி போகட்டும் என்று அம்மா அதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தார். இப்போது பல்லில் முழுதாக உட்காரவில்லை. அழுத்திக் கடித்து உட்கார வைக்கலாமா? இன்னும் எத்தனை காலம் போட வேண்டும்?

பதில்: அழுத்திக் கடிக்காதீர்கள். ரிட்டெய்னர் விரிசல் விடும். அதைவிட, கோணிப்போன ரிட்டெய்னரை வலுவில் மாட்டினால் அது பல்லை வேண்டாத பக்கம் தள்ளும்.

கண்ணாடி முன் நின்று பாருங்கள். விரலால் மெதுவாக அழுத்தியதும் ரிட்டெய்னரின் உட்பக்கம் எல்லாப் பல்லின் நுனியையும் தொட்டு, இறுக்கம் மட்டும் தெரிந்தால், பத்து நாள் இடைவெளியில் பற்கள் கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். சில நாள் விடாமல் போட்டாலே அந்த இறுக்கம் தளர்ந்துவிடும். பல் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற இடைவெளி இருந்தாலோ, ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் தூக்கிக்கொண்டாலோ அது வேறு விஷயம். உங்களுடையது இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன். இந்த வகை பிளாஸ்டிக்கைச் சூட்டில் இளக்கி, உங்கள் பல்லின் அச்சு மேல் உறிஞ்சிப் பிடிக்க வைத்துத்தான் செய்கிறார்கள். கொதிநீரில் விழுந்தால் மறுபடி இளகி வடிவம் மாறிவிடும். திரும்பச் சூடாக்கி நிமிர்த்த வழி கிடையாது. அம்மா கிருமிக்குப் பயந்தது நியாயம்தான், சுத்தம் செய்யும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

ஆகவே புதிது செய்ய வேண்டும். அடுத்த முறை சென்னை போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். பல்லையும் எலும்பையும் இணைக்கும் நார்கள் கிளிப் கழற்றிய பின் புது இடத்துக்குப் பழக மூன்று, நான்கு மாதம் எடுத்துக்கொள்ளும். ஈறில் இருக்கும் மீள்தன்மை கொண்ட நார்களுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். நீங்கள் இருப்பது சரியாக அந்தக் கட்டத்தில். சென்னை டாக்டருக்குப் பல்லையும் ரிட்டெய்னரையும் இன்றே படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள். ரங்கூனிலேயே கிளிப் போடும் பல் டாக்டர் யாரிடமாவது இந்த வாரமே அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். பல் மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் விசாரிக்கலாம். பல் கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்திருந்தால் அதை முதலில் சரிசெய்துவிட்டுப் புதிது செய்யலாமா என்று அவரே முடிவு செய்வார்.

புண்ணைப் பற்றி. கத்தரிக்கோல், பிளேடு எதையும் எடுக்காதீர்கள். ரிட்டெய்னரின் குத்தும் விளிம்பைத் தேய்த்து மழுக்குவது டாக்டருக்கு ஐந்து நிமிட வேலை. புது ரிட்டெய்னரும் உறுத்தினால், அவரைப் பார்க்கப் போகும் முன் சில மணி நேரம் அதைப் போட்டிருங்கள். எங்கே உரசுகிறதோ அங்கே ஈறு சிவந்து இடத்தைக் காட்டிக் கொடுக்கும். ரிட்டெய்னர் போடுவதைப் பாதியில் விட்டவர்களில் பலர் சோம்பலால் விட்டவர்கள் இல்லை. குத்துகிறது என்று சொல்லத் தயங்கி, பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டவர்கள். வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே கிடையாது, தயங்காமல் போய்ச் சொல்லுங்கள். இப்போதைக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். உரசல் நின்றும் இரண்டு வாரத்தில் புண் ஆறவில்லை என்றால் கட்டாயம் காட்ட வேண்டும். குன்யா, அதாவது பர்மிய வெற்றிலை பாக்கு, போடும் பழக்கம் உள்ளவர்கள் இதை இரட்டிப்புக் கவனத்தோடு படியுங்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும். ரிட்டெய்னர் போட்டுக்கொண்டு மென்றால் கறை ஏறுவதோடு, சுண்ணாம்பும் பாக்குத் தூளும் அதற்கடியில் மாட்டிக்கொண்டு ஈறை அறுக்கும்.

பேச்சும் எச்சிலும் தானே சரியாகும். வாய்க்குள் புதிதாக ஒரு பொருள் இருந்தால் சாப்பாடு என்று நினைத்து எச்சில் சுரக்கும். பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். உங்களுக்கு மூன்று மாதமாகியும் நிற்காததற்கு விட்டுவிட்டுப் போடுவதே காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் நாக்கு முதலிலிருந்து பழக வேண்டியிருக்கிறது. வீட்டில் தமிழும் கடையில் பர்மியமும் பேசுகிறீர்கள். இரண்டையும் தினமும் கொஞ்ச நேரம் உரக்கப் படியுங்கள்.

சுத்தம் செய்ய, வாயிலிருந்து எடுத்த உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். காய்ந்துவிட்டால் வெள்ளைப் படலம் ஒட்டிக்கொள்ளும். இதற்கென்று மிருதுவான தனி பிரஷ், ஒரு சொட்டு திரவ சோப்பு போதும். பற்பசை வேண்டாம், அது கீறல் போடும், கீறலில் அழுக்குத் தங்கும். குழாய்த் தண்ணீர் கலங்கலாக வரும் நாளில் கேன் தண்ணீரில் கடைசியாக அலசிவிடுங்கள். கிருமி பயம் அம்மாவுக்குத் தீரவில்லை என்றால், பல் செட் சுத்தம் செய்யும் மாத்திரையைக் குளிர்ந்த நீரில் கரைத்து, அட்டையில் போட்டிருக்கும் நேரம் வரை ஊற வைக்கலாம். பிறகு நன்றாக அலச வேண்டும். பல் தேய்க்காமல் ரிட்டெய்னர் போடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டீக்கடையில்தான் எனக்குக் கவலை. லப்பயே எனும் பர்மியப் பால் டீ சூடானது, அதோடு பால் டின்னின் இனிப்பு. ரிட்டெய்னரோடு குடித்தால் சர்க்கரை உள்ளே தேங்கிப் பல்லைச் சொத்தையாக்கும். கழற்றிக் குடித்து, வாய் கொப்பளித்து, மறுபடி போடுங்கள். கழற்றியதை டிஷ்யூவில் சுற்றி மேஜையில் வைக்க வேண்டாம். மேஜை துடைக்கும் பையன் குப்பை என்று நினைத்து அள்ளிவிடுவான். காற்று போகும் பெட்டி எப்போதும் பையில் இருக்கட்டும். ஏப்ரல் வெயிலில் வண்டிக்குள் விட்டுப் போகாதீர்கள். பர்மியப் புத்தாண்டான திஞ்சானில் தண்ணீர் ஊற்றி விளையாடப் போகும்போது வீட்டில் வைத்துவிட்டு, வந்ததும் போடுங்கள். கழற்றும்போது முன்பல்லில் பிடித்து இழுக்காமல், இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லின் உட்புறத்தில் விரல் நுனியை விட்டு ஒரே சீராகக் கீழே தள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் விரிசல் விடும்.

எத்தனை காலம் என்றால், வழக்கமாகச் சில மாதம் முழுநேரம், பிறகு இரவு மட்டும். தொடக்கத்திலிருந்தே இரவு மட்டும் போதும் என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு. உங்களுக்குச் சிகிச்சை செய்தவர் சொன்னதையே பின்பற்றுங்கள். இரவில் போடுவதை மட்டும், பல் வரிசை கலையாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கும் காலம் வரை விடாதீர்கள். வயதாக ஆக எல்லோருக்குமே, கிளிப் போடாதவர்களுக்கும்கூட, பல் மெல்ல நகர்கிறது. கீழ் முன்பற்கள் நெருக்கியடிப்பது அதனால்தான்.

அச்சு எடுக்கும்போதே இரண்டு ரிட்டெய்னராகச் செய்து தரச் சொல்லுங்கள், அச்சு மாதிரியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போது ஒன்று பையில், ஒன்று வீட்டில் இருக்கட்டும்.