இலவசப் பயணம் என்றால் இழப்பீடு கிடையாதா?

கேள்வி: எங்கள் கிராமத்துக்கு ஒரு நாளைக்கு நான்கு முறைதான் டவுன் பஸ். அம்மாவுக்கு வயது 57. நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போவார். இரண்டு மாதத்துக்கு முன் காலை பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றது. பெண்கள் ஓடிப்போய் ஏறினார்கள். அம்மா ஒரு காலைப் படியில் வைத்தபோதே விசில் கொடுத்துவிட்டார்கள். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கண்டக்டரே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். ஸ்டேஷனில் “பேசி முடித்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். டெப்போவிலிருந்து வந்தவர்களோ, “இலவசப் பயணம், டிக்கெட்கூட எடுக்கவில்லை, இழப்பீடெல்லாம் வராது” என்று சொல்லி, 15,000 ரூபாய் தருகிறோம், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா ஐயா?

பதில்: போடாதீர்கள். அந்தத் தாளில் “எங்கள் கவனக்குறைவால் விழுந்தோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்கிற பாணியில் ஏதாவது இருக்கும். அது வழக்கை அடியோடு தடுத்துவிடாது; ஆனால் நாளைக்குக் குறுக்கு விசாரணையில் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

டிக்கெட் விஷயம் வெறும் மிரட்டல். சாலையோரம் நடந்து போகிறவர்மேல் பஸ் மோதினால், “டிக்கெட் எடுத்தாயா” என்று யாராவது கேட்பார்களா? ஓட்டுநரோ நடத்துநரோ வேலையில் காட்டும் கவனக்குறைவுக்கு வண்டியின் உரிமையாளர் பொறுப்பு. அந்தப் பொறுப்புக்கும் கட்டணத்துக்கும் சம்பந்தமில்லை. அதோடு, 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத்துக்கான தொகையைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு ஈடுகட்டுகிறது. உங்கள் அம்மா ஓசியில் ஏறவில்லை.

வழக்கின் கடினமான இடம் வேறு. யார் தவறு? ‘ஓடிப்போய் ஏறினார்கள்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கழகத்தின் வக்கீல், “ஓடும் பஸ்ஸில் ஏறினார்” என்றுதான் வாதிடுவார். நின்ற பஸ்ஸை நோக்கி ஓடியது வேறு, நகரும் பஸ்ஸில் தொற்றியது வேறு. அம்மாவின் வாக்குமூலத்தில் இந்த வித்தியாசம் தெளிவாக வர வேண்டும். அவர் பங்குக்கும் கவனக்குறைவு இருந்தது என்று, இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் நினைத்தால்கூட, அந்தப் பங்குக்கு ஏற்ற அளவுதான் இழப்பீடு குறையும். மனு தள்ளுபடி ஆகாது. இதில் கொலை வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவும் வேண்டியதில்லை. ஹிமாச்சல் அரசுப் பேருந்து தொடர்பான பிமலா தேவி வழக்கில் (2009), எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும் என உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இன்றைக்கே செய்ய வேண்டியது, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலை வாங்குவது. ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் தெரியும். அழைத்துப் போனவர் கண்டக்டர் என்பதால் எனக்கு ஒரு சந்தேகம்: “பஸ்ஸில் ஏறும்போது தவறி விழுந்ததாக” என்று அவர் சொன்னதையே மருத்துவர் எழுதியிருக்கலாம். அப்படி இருந்தால் பதற வேண்டாம். யார் சொல்லி எழுதப்பட்டது என்பது அதிலேயே இருக்கும்; அது நமக்கே சாதகமாகலாம். அன்றைக்கு அதே பஸ்ஸில் ஏறிய இரண்டு பெண்களின் பெயரையும் குறித்து வையுங்கள். அந்த நடையின் டிரிப் ஷீட், பணியில் இருந்தவர்களின் விவரம் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் செலவு, 30 நாளில் பதில் தர வேண்டும்.

போலீஸ் விஷயம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். ‘பேசி முடித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது அவர்கள் வேலையல்ல. புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது கேளுங்கள். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. இவ்வளவு தாமதமாகிவிட்டதே என்ற கவலை வேண்டாம். எஃப்.ஐ.ஆர். தாமதத்தை மட்டும் காரணம் காட்டி உண்மையான கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று 2011இல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

அப்புறம், தொகை. களையெடுக்கிறவருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. அதனால் வருமானமே இல்லை என்று ஆகாது. தீர்ப்பாயம் நியாயமான கூலியை மதிப்பிடும். ஒரு பேச்சுக்கு, மாதம் 10,000 ரூபாய் என்றும், வேலைத் திறனில் 20 சதவீதம் போய்விட்டது என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டு இழப்பை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு வயதுவாரியாக ஓர் எண் உண்டு; 57 வயதுக்கு அது 9. மாத இழப்பு 2,000 ரூபாயைப் பன்னிரண்டு மாதத்தாலும் இந்த 9ஆலும் பெருக்கிப் பார்த்தால் 2,16,000 ரூபாய். மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் கூலி, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கானது, வலிக்கானது எல்லாம் இதற்கு மேல். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மருத்துவர் தரும் ஊனச் சதவீதமும் வருமான இழப்புச் சதவீதமும் ஒன்றல்ல. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கும், நாள் முழுக்கக் குனிந்து நடவும் களையும் செய்பவருக்கும் இடுப்பு ஒன்றா? ராஜ்குமார் எதிர் அஜய்குமார் (2011) தீர்ப்பு இதைத்தான் விளக்குகிறது. குனிய முடிகிறதா, தரையில் உட்கார முடிகிறதா என்பதையெல்லாம் அம்மா சாட்சிக் கூண்டில் சொல்லட்டும்.

மனு, மோட்டார் வாகனச் சட்டம் 166ஆவது பிரிவின் கீழ். விபத்து நடந்த பகுதி, நீங்கள் வசிக்கும் பகுதி, எதிர்மனுதாரர் இருக்கும் பகுதி, மூன்றில் எந்தத் தீர்ப்பாயத்திலும் போடலாம். தவறை நிரூபிப்பது ரொம்பக் கஷ்டம் என்று உங்கள் வக்கீல் கருதினால், யார் தவறு என்று பார்க்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கேட்க 164ஆவது பிரிவு இருக்கிறது. எது லாபம் என்பதை ஏ.ஆர். காப்பியைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கெடு: விபத்து நாளிலிருந்து 6 மாதம். 2022 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள் என்பது உண்மைதான். அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். உங்களுக்கு நான்கு மாதம் மிச்சம்.

வக்கீலுக்குப் பணம் வேண்டுமே என்றால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும். 15100 எண்ணிலும் கேட்கலாம். சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் கழகமே தொகை பேச வரும். அங்கே சம்மதித்தால் மேல்முறையீடு கிடையாது என்பதால், மேலே போட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். தீர்ப்பான பிறகு பணம் கட்டாமல் இழுத்தடித்தால் என்ன ஆகும் என்கிறீர்களா? நீதிமன்ற ஊழியரான அமீனா பஸ் நிலையத்துக்கே வந்து பஸ்ஸை ஜப்தி செய்த செய்தியை நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள்.