மலையாள எழுத்து தெரியும், பத்திரிகை படிக்க எங்கிருந்து தொடங்கலாம்?

எழுத்துக்கூட்டிப் படிக்க வருகிறது, ஆனால் மாத்ருபூமி முதல் பக்கத்தில் இரண்டு பத்திக்கு மேல் ஓடவில்லை என்கிறீர்கள். முதல் பக்கத்தையும் தலையங்கத்தையும் இப்போதைக்கு விடுங்கள். இறந்தவர்களைப் பற்றிய அறிவிப்புகள் வரும் சரமப் பக்கத்தில் தொடங்குங்கள்.

சாவுச் செய்தியிலா மொழி படிப்பது என்று யாராவது முகம் சுளிக்கலாம். பேப்பரைப் பிரித்ததும் நேராக அந்தப் பக்கத்துக்குப் போகிறவர்கள் கேரளத்தில் ஏராளம். படத்துக்குக் கீழே சில வரிகள், எல்லாம் ஒரே வார்ப்பு: ஊர், வீட்டுப்பெயர், பெயர், வயது, ‘அந்தரிச்சு’ அல்லது ‘நிர்யாதனாயி’ (இரண்டுமே காலமானார் என்பதுதான்). இறந்தவர் பெண், கணவர் முன்பே காலமானவர் என்றால் ‘பரேதனாய’ (காலஞ்சென்ற) இன்னாருடைய மனைவி என்று வரும். ‘சம்ஸ்காரம்’ (இறுதிச் சடங்கு) எத்தனை மணிக்கு, வீட்டுவளப்பிலா (வீட்டு வளாகத்திலா) பள்ளியிலா (தேவாலயத்திலா) என்பது அடுத்து. முஸ்லிம் என்றால் ‘கபரடக்கம்’ (நல்லடக்கம்). பிறகு மக்கள் (பிள்ளைகள்), மருமக்கள், பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் துபாய், யுகே. சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் கண் தானாகவே பழகிவிடும்.

தமிழர் தடுமாறுவது வேறொரு இடத்தில். ந, ன இரண்டுக்கும் அங்கே ஒரே எழுத்து. சொல்லின் தொடக்கத்தில் ந, நடுவில் தனியாக வந்தால் பெரும்பாலும் ன. இரட்டித்தால் எதுவும் வரலாம், கேட்டுத்தான் பழக வேண்டும்.

அடுத்து உள்ளூர்ப் பக்கம். ‘வைத்யுதி முடங்ஙும்’ என்ற மின்தடை அறிவிப்பு, கோயில் உத்சவம், பள்ளிப் பெருநாள் (தேவாலயத் திருவிழா). அதற்குப் பிறகுதான் அரசியல். அன்றைய ஒரே செய்தியை முதலில் மனோரமாவிலும் அடுத்து தேசாபிமானியிலும் படியுங்கள். பின்னது சிபிஎம் கட்சியின் நாளிதழ். ஆட்களும் சம்பவமும் தெரிந்துவிட்டதால் இரண்டாவது வாசிப்பில் மாறுகிற சொற்கள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். சந்திரிகா முஸ்லிம் லீகுக்கு, தீபிகா கத்தோலிக்க சபைக்கு நெருக்கம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வார இதழ் என்றால் எல்லோரும் மாத்ருபூமி ஆழ்சப்பதிப்பை (வாரப் பதிப்பை)த்தான் காட்டுவார்கள். 1932 முதல் வரும் அருமையான இதழ்தான், ஆனால் தொடங்குகிறவருக்குக் கடினம். மங்களம், மனோரமா வார இதழ்களின் தொடர்கதைகளில் சின்னச் சின்ன வாக்கியம், நிறைய உரையாடல். இவற்றைப் ‘பைங்கிளி’ (மலிவான காதல் கதைகள்) என்று ஏளனம் செய்வது எனக்குப் பிடிக்காது. 1980களில் மங்களம் ஒன்றே 15 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. இலக்கிய இதழ்கள் எட்டிப் பார்க்காத வீடுகளில் வாசிப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை இவைதான். அந்த வாசகர்களில் பெருவாரியானவர்கள் பெண்கள் என்பதால்தான் ஏளனம் அத்தனை எளிதாக வந்தது என்று நினைக்கிறேன்.

நூலகத்தில் பழைய தொகுப்புகளைப் புரட்டுவதாக இருந்தால் ஆண்டைப் பாருங்கள். 1971 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையவற்றில் உகரக் குறி மெய்யோடு ஒட்டியே இருக்கும், கூட்டெழுத்துகளும் அதிகம். அவற்றை ஆறு மாதம் கழித்துத் தொடலாம்.