ஏழாவது கிலோமீட்டரில் வயிறு முறுக்குகிறது

கேள்வி: ஐயா, எனக்கு வயது 22, எடை 60 கிலோ. செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் 10 கிலோமீட்டர் ஓடிப் பழகுகிறேன். ஏழாவது கிலோமீட்டரில் வயிறு முறுக்கிப் பேதியாகிறது. தண்ணீர் குடித்தால் வயிறு குலுங்குமென்று தொண்டையை நனைக்காமலே ஓடுகிறேன். ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிட்டு, முழங்கால் வலிக்கு இபுபுரோஃபென் மாத்திரையும் போடுகிறேன். குடலில் நோயா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் நோயைவிடப் பழக்கத்தின் மீதுதான் எனக்குச் சந்தேகம். தோட்ட மருத்துவமனையில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தபோது இதே வயிற்றைப் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

சும்மா இருக்கையில் இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காவது குடலுக்கும் கல்லீரலுக்கும் போகிறது. கடுமையாக ஓடினால் கால் தசைகள் அதை இழுத்துக்கொள்ளும். அந்தப் பங்கு 80 விழுக்காடு வரை குறையலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் உடம்பைக் குளிரவைக்கத் தோலும் இரத்தம் கேட்கும். தண்ணீரும் வற்றிவிட்டால் குடலின் உட்சுவர் நலிந்து கசியத் தொடங்கும். முறுக்கலும் பேதியும் அதனால்தான்.

என்னை உண்மையில் கலங்க வைப்பது அந்த மாத்திரை. குடல் சுவரைக் காக்கும் சுரப்பை அது குறைக்கிறது. இரத்தம் குறைந்த நேரத்தில் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் வருத்தும். ஓட்டத்துக்கு முன் போடவே கூடாது. முழங்காலை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தேங்காய்ப்பாலும் சம்பலும் இரைப்பையைவிட்டு இறங்க நேரமாகும். நாசி லெமாக்கை ஓடி முடித்த பிறகு சாப்பிடுங்கள். ஓடுவதற்கு முன்னால் ஒரு பிசாங் மாஸ் வாழைப்பழம் போதும்.

ஓடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள். ஓடும்போது கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று வாய். குலுங்கத்தான் செய்யும், சில வாரங்களில் வயிறு பழகிவிடும். கெட்டியான சிராப் வேண்டாம், அதிகச் சர்க்கரை குடலுக்குள் நீரை இழுக்கும்.

எவ்வளவு குடிப்பது என்பதைத் தராசு சொல்லும். கிளினிக் தராசைத் திடலுக்குத் தூக்கிப்போய்ப் பிள்ளைகளை ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்திருக்கிறேன். ஒரு பையன் 1.8 கிலோ குறைந்து வந்தான். கறுப்புச் சட்டையில் உப்பு வெள்ளைக் கோடாகப் பூத்திருந்தது. உங்கள் 60 கிலோவில் நூற்றுக்கு இரண்டு, அதாவது 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால் குடித்தது போதவில்லை. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். இரத்தத்தில் உப்பு குறைந்துபோகும், அதுவும் ஆபத்து.

மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, ஓடாத நாளிலும் பேதி தொடர்ந்தாலோ என் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.