செம்மறியின் சைனஸில் பாக்டீரியா இருந்தால் மந்தை முழுவதற்கும் ஊசி போடவேண்டுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில் டோர்ப்பர் இனக் கலப்புச் செம்மறிகளை வளர்த்து வருகிறேன். சைனஸ் நோய் பற்றி ஆராயும் ஓர் ஆய்வு நிலையம் அண்மையில் என்னிடம் சில கிடாக்களை வாங்கியது. ஆய்வு தொடங்குவதற்கு முன் அவற்றைத் தனியாக வைத்துச் சோதித்தபோது, சிலவற்றின் சைனஸில் மான்ஹெய்மியா, ஸ்டாபிலோகாக்கஸ் ஆகிய பாக்டீரியாக்கள் இருப்பதாகக் கூறி, இரண்டு கிடாக்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவற்றுள் ஒன்றுக்கு இடப்பக்க மூக்கில் மட்டும் மஞ்சள் சளி வடிகிறது. மந்தை முழுவதற்கும் ஆன்டிபயாடிக் ஊசி போட்டுவிடலாமா? என் மனைவிக்கு இனிப்புநீர் உண்டு, அவர்தான் ஆடுகளுக்குத் தீனி வைக்கிறார், அவருக்குத் தொற்றுமா? திரும்பி வந்த கிடாக்களை இறைச்சிக்கு விற்கலாமா?

பதில்: ஐயா, மந்தை முழுவதற்கும் ஊசி போடவேண்டாம். ஆய்வு நிலையத்தின் அறிக்கை உங்கள் ஆடுகள் நோயுற்றிருக்கின்றன என்று சொல்லவில்லை. அவர்களுடைய ஆய்வுக்கு அந்த இரண்டு ஆடுகள் பொருந்தாது என்று மட்டுமே சொல்கிறது. இந்த வேறுபாடு தெளிவாகிவிட்டால் உங்கள் கவலையில் பாதி குறைந்துவிடும்.

செம்மறியின் நெற்றி எலும்புக்குள்ளும் கன்ன எலும்புக்குள்ளும் காற்று நிறைந்த அறைகள் இருக்கின்றன. அவற்றையே சைனஸ் என்கிறோம். அவற்றின் உட்சவ்வில் நுண்ணிய மயிரிழைகள் அடர்ந்திருக்கும். அவை ஓயாமல் அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்துச் சிறு துவாரங்கள் வழியாக மூக்குக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். மனிதரின் சைனஸும் இவ்வாறே இயங்குகிறது. எலி, முயல் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் செம்மறியின் மூக்கும் சைனஸும் அளவில் மனிதருடையவற்றை நெருங்குகின்றன. மனிதருக்குப் பயன்படுத்தும் அதே உள்நோக்குக் குழாயையும் அறுவைக் கருவிகளையும் அவற்றுக்குள் செலுத்த முடிகிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர ஆய்வாளர்கள் நாள்பட்ட சைனஸ் நோயை ஆராயச் செம்மறியைத் தேர்ந்தெடுத்ததற்கும் இந்தப் பொருத்தமே காரணம். அவர்கள் செம்மறியின் நெற்றிச் சைனஸின் துவாரத்தை அடைத்து, உள்ளே ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவைச் செலுத்தி, அது அங்கே படலமாகப் படிவதையும், எந்த மருந்து அந்தப் படலத்தைக் கரைக்கிறது என்பதையும் ஆராய்ந்தார்கள். இத்தகைய ஆய்வில், தாங்கள் செலுத்தும் கிருமிக்கு முன்பே வேறு கிருமிகள் சைனஸில் குடியிருந்தால், பின்னால் காணும் வீக்கம் எதனால் வந்தது என்று ஆய்வாளரால் சொல்ல இயலாது. அதனால்தான், நன்றாக மேய்ந்து அசைபோடும் ஆட்டைக்கூட அவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள்.

இனி அந்தப் பாக்டீரியாக்களைப் பற்றிச் சொல்கிறேன். மான்ஹெய்மியா ஹீமோலிட்டிகா என்பது நலமாக இருக்கும் செம்மறியின் மூக்கின் உட்பகுதியிலும் தொண்டைச் சதையிலும் இயல்பாகவே வாழக்கூடியது. 1999 வரை இதற்குப் பாஸ்டுரெல்லா ஹீமோலிட்டிகா என்று பெயர். பழைய பண்ணையாளர்கள் பாஸ்டுரெல்லா என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஆட்டுக்கு மன உளைச்சலோ உடல் அயர்ச்சியோ வரும்போது இது திடீரென்று பெருகி, மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்கி, வெள்ளணுக்களையே கொல்லும் நச்சைச் சுரந்து, ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும் நிமோனியாவை உண்டாக்கும். லோரியில் நெடுந்தூரம் நெருக்கியடித்துக்கொண்டு போவது, மழையில் நனைவது, புதிய ஆடுகளோடு கலப்பது, குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிப்பது ஆகியவை அதற்குப் போதுமான காரணங்கள். இந்த நிமோனியா மலேசிய ஆட்டுப் பண்ணைகளில் இறப்புக்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று என்பதைச் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஆகவே நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி கிருமி இருக்கிறதா என்பதன்று; அது கீழே இறங்குவதற்கு நம் கொட்டகையில் வழி இருக்கிறதா என்பதுதான்.

ஊசி வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், மேலே சொன்ன படலம். சைனஸின் சவ்வில் ஒட்டிய பாக்டீரியாக்கள் ஒன்றுகூடித் தம்மைச் சுற்றிக் கொழகொழப்பான பசையைச் சுரந்துகொள்கின்றன. அந்தப் பசைக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லத் தேவைப்படும் மருந்தின் அளவு, தனித்து மிதக்கும் கிருமிக்குத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு அதிகம். தசையில் போட்ட ஆக்சிடெட்ராசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக் அந்த இடத்தை அடைவதற்குள் அதன் வலிமை குறைந்துவிடும். பலவீனமான கிருமிகள் மடியும், மருந்தைத் தாங்கியவை மிஞ்சும்; ஆறு மாதம் கழித்து மந்தையில் உண்மையான நிமோனியா வந்தால், கைவசம் இருக்கும் அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். நோயில்லாத ஆடுகளுக்கு ஊசி போடும் பழக்கத்தை நான் எதிர்ப்பதற்கு இதுவே காரணம்; செலவு இரண்டாம் பட்சம்.

இடப்பக்கம் மட்டும் சளி வடியும் கிடாவின் நிலை வேறு. அதை மற்ற ஆடுகளின் அறிக்கையோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். மந்தையில் பரவும் சளியும் நிமோனியாவும் பெரும்பாலும் இரண்டு மூக்குத் துவாரங்களிலும் தெரியும். ஒரு பக்கம் மட்டும் வடிந்தால், அந்தப் பக்கத்தில் ஏதோ ஒரு கோளாறு இருக்கிறது என்று பொருள். காலைக் குளிரில், ஆடு அமைதியாக நிற்கும்போது, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை அதன் மூக்குக்கு அருகே பிடியுங்கள். மூச்சு பட்டுக் கண்ணாடியில் இரண்டு வட்டங்களாகப் பனிக்கும். இடப்பக்க வட்டம் சிறுத்தோ இல்லாமலோ இருந்தால் உள்ளே அடைப்பு உண்டு. அடுத்து, கண்ணுக்கு மேலே நெற்றி எலும்பை நடுவிரலின் நுனியால் இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்டிப் பாருங்கள்: காற்று நிறைந்த சைனஸ் வெறும் டப்பாவைத் தட்டியதுபோல் ஒலிக்கும், சீழ் நிறைந்த பக்கம் மந்தமாக ஒலிக்கும், ஆடும் தலையை இழுத்துக்கொள்ளும். சளியில் துர்நாற்றம் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். கன்னச் சைனஸுக்குக் கீழேதான் மேல் கடைவாய்ப்பற்களின் வேர்கள் இருக்கின்றன. வேர் அழுகினால் சீழ் சைனஸுக்குள் ஏறி, அழுகிய நாற்றத்தோடு ஒரு மூக்கில் மட்டும் வடியும். கன்னத்தில் வீக்கம், தீனியை மென்று கீழே துப்புவது ஆகியவை அதற்குத் துணை அடையாளங்கள். கிடாவின் கொம்பு அண்மையில் முறிந்ததா என்றும் நினைவுபடுத்திப் பாருங்கள். கொம்புள்ள ஆட்டில் நெற்றிச் சைனஸ் கொம்பின் அடிவரை நீள்வதால், முறிந்த கொம்பு சைனஸைத் திறந்துவிடும். நம் நாட்டில் அத்தகைய திறந்த புண்ணில் ஈ முட்டையிட்டுச் சதை தின்னும் புழு வைப்பதும் உண்டு.

இன்னொரு காரணத்தையும் மறந்துவிடக்கூடாது. ஈஸ்ட்ரஸ் ஓவிஸ் என்னும் மூக்குப்புழு ஈ முட்டையிடுவதில்லை. பறந்தபடியே உயிருள்ள நுண்புழுக்களை ஆட்டின் மூக்கில் தெறித்துவிட்டுப் போகும். புழுக்கள் மூக்கு வழியே ஊர்ந்து நெற்றிச் சைனஸை அடைந்து, சவ்வைக் குத்திக்கொண்டு வளரும். முதிர்ந்தபின் தும்மலோடு வெளியே விழுந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். அவற்றால் புண்ணான சவ்வில் பாக்டீரியா எளிதாகக் குடியேறும். ஆடு காலைத் தட்டுவது, மூக்கைத் தரையிலோ அடுத்த ஆட்டின் மயிருக்குள்ளோ புதைத்துக்கொள்வது, ஓயாமல் தும்முவது ஆகியவை இதன் அடையாளங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஆடுகள் உங்கள் மந்தையில் இருந்தால், புழு அவற்றோடு வந்திருக்கக்கூடும் என்பதால், கால்நடை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஐவர்மெக்டின் இந்தப் புழுவைக் கொல்லும். ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. ஆனால் எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் நிறுத்துப் பார்த்து, மருத்துவர் சொன்ன பிறகே கொடுங்கள்.

உங்கள் மனைவியைப் பற்றிய கேள்விதான் என்னை இந்தப் பதிலை விரிவாக எழுத வைத்தது. மான்ஹெய்மியாவைப் பற்றி அவர் அஞ்சவேண்டியதில்லை. அது மனிதரைத் தாக்குவது மிக அரிது. ஸ்டாபிலோகாக்கஸ் கை விரல் வெடிப்பின் வழியாகப் புகுந்து புண்ணை உண்டாக்கலாம். ஆட்டைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவினால் பெரும்பாலும் போதும். நம் நாட்டில் இனிப்புநீர் உள்ளவர் அஞ்சவேண்டிய கிருமி வேறொன்று இருக்கிறது; அதன் பெயர் உங்கள் அறிக்கையில் இல்லை என்பது ஆறுதல். அது மெலியோய்டோசிஸ் என்னும் நோயைத் தரும் பர்கோல்டேரியா சூடோமலை. 1913-ஆம் ஆண்டு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஆய்வுக்காக வளர்த்த முயல்களிடையேயும் கினி எலிகளிடையேயும் ஒரு நோய் பரவியது. அங்கே பணியாற்றிய ஸ்டான்டனும் பிளெட்சரும் அதை ஆராய்ந்து, 1921-இல் அதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். இந்தக் கிருமி நம் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. மழைக்காலத்தில் மேலே வருகிறது. செம்மறி, வெள்ளாடு இரண்டையும் தாக்கி, நுரையீரலிலும் மூக்கிலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். காய்ச்சல், மூக்கில் சீழ், நொண்டுதல், நாளுக்கு நாள் இளைத்தல் ஆகியவை சேர்ந்து தெரிந்தால் அதைச் சந்தேகிக்கவேண்டும். பென்சிலின் அதற்கு எடுபடாது.

மனிதருக்கு இந்த நோய் ஆட்டிலிருந்து வருவது அரிது. சேற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வருவதே அதிகம். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடுதல் என்பதால், உங்கள் மனைவி வெறுங்காலோடு கொட்டகையைச் சுற்றியுள்ள சேற்றில் இறங்கக்கூடாது. ரப்பர் பூட்ஸ் அணியட்டும், கையில் புண் இருந்தால் கையுறை போடட்டும், பரணுக்கு அடியில் சாணம் அள்ளும் வேலையையும் சளி வடியும் கிடாவைக் கவனிக்கும் வேலையையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், ஆடு வளர்ப்பதையும் இனிப்புநீர் இருப்பதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லவேண்டும்.

கொட்டகைக்கு வருகிறேன். பரண் கொட்டகையில் சாணமும் சிறுநீரும் அடியில் குவிந்து கிடந்தால் அம்மோனியா எழுந்து, சைனஸைத் துப்புரவாக வைத்திருக்கும் அந்த நுண்மயிர்களை முடக்கிவிடும். நின்றுகொண்டு முகர்ந்தால் இது தெரியாது. விடியற்காலையில், ஆடுகளை வெளியே விடுவதற்கு முன், பரணில் ஏறி ஆட்டின் மூக்கு மட்டத்துக்குக் குந்தி உட்காருங்கள். சற்று நேரத்தில் உங்கள் கண் எரிந்தால், இரவு முழுவதும் அந்தக் காற்றைத்தான் உங்கள் ஆடுகள் சுவாசித்திருக்கின்றன. சாணத்தை அடிக்கடி அகற்றுங்கள். பக்கச் சுவரில் மறைப்புத் துணி கட்டியிருந்தால், மழைச்சாரல் வரும் பக்கத்தை மட்டும் விட்டு மற்றவற்றை அவிழ்த்துவிடுங்கள். செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கைத் தூளாகவே தொட்டியில் கொட்டினால் ஆடுகள் தூசியைச் சைனஸ்வரை இழுத்துக்கொள்ளும். சிறிது நீர் தெளித்துப் பிசைந்து வையுங்கள். (அந்தப் பிண்ணாக்கை மிகுதியாகக் கொடுத்தால் செம்மறிக்குச் செம்பு நச்சாகும் என்பது வேறு செய்தி, அதையும் கருத்தில் கொள்ளுங்கள்.)

திரும்பி வந்த இரண்டு கிடாக்களையும் இப்போதே மந்தையிலிருந்து பிரித்து, குறைந்தது மூன்று வாரம் தனியாக வையுங்கள். அவை வேறு பண்ணை ஆடுகளோடு ஓரிடத்தில் இருந்து, இருமுறை லோரியில் பயணம் செய்தவை. மான்ஹெய்மியா கீழே இறங்குவதற்கு ஏற்ற காலம் இது. நாள்தோறும் காலையில் உடல் வெப்பத்தைப் பாருங்கள்: 38.5 முதல் 39.5 பாகை செல்சியஸ் வரை இயல்பு. வெயில் ஏறுவதற்கு முன்பே 40-ஐத் தாண்டி, தீனியும் எடுக்காமல் மூச்சும் வேகமாக இருந்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள். ஊசி தேவைப்படும் ஆடு அதுதான், அதற்குத் தாமதமும் கூடாது. சளி வடியும் கிடாவுக்கு மருந்து எதுவும் கொடுப்பதற்கு முன்பே மாதிரி எடுக்கவேண்டும். மூக்கு நுனியில் துடைத்து எடுத்தது பயன்படாது; அந்த இடம் மண்ணையும் புல்லையும் தொட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாக் கிருமியும் அங்கே வளரும். கால்நடை இலாகா அதிகாரி நீண்ட பஞ்சுக்குச்சியை உள்ளே ஆழமாகச் செலுத்தி எடுத்து, கிருமி உயிரோடிருக்க உதவும் ஊடகக் குழாயில் இட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் ஈப்போ கால்நடை ஆராய்ச்சிக் கழகத்துக்கு அனுப்பினால், உங்கள் ஊரிலிருந்து அன்றே போய்ச் சேர்ந்துவிடும். மெலியோய்டோசிஸ் ஐயம் இருந்தால் படிவத்தில் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள். ஆய்வுக்கூடப் பணியாளரின் பாதுகாப்புக்கு அது அவசியம்.

விற்பனையைப் பொறுத்தவரை, ஆய்வு நிலையத்தின் கால்நடை மருத்துவர் எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் உங்கள் கைக்கு வரும்வரை இரண்டையும் இறைச்சிக்கு அனுப்பாதீர்கள். உள்நோக்குக் குழாய் செலுத்துவதற்கு மயக்க மருந்து கொடுத்தார்களா, வேறு எந்த மருந்து எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, இறைச்சிக்கு எத்தனை நாள் காத்திருக்கவேண்டும் என்பவை அதில் இருக்கவேண்டும். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, விலங்குகளை ஆய்வுக்குப் பயன்படுத்துவோர் உரிமம் பெற்றிருக்கவேண்டும். எனவே இத்தகைய பதிவுகள் அவர்களிடம் இருக்கும், அவற்றைக் கேட்பதற்கு நீங்கள் தயங்கவேண்டியதில்லை. அடுத்த முறை அவர்கள் ஆடு கேட்டால், லோரி ஏற்றுவதற்கு முன்பே உங்கள் பண்ணையில் மூக்கு மாதிரி எடுத்துக்கொள்ளும்படி சொல்லுங்கள். பொருந்தாத ஆடு வீட்டிலேயே தங்கிவிடும், உங்களுக்கும் இருமுறை லோரிக் கூலி மிச்சமாகும்.