வீட்டில் ஆளில்லாத மாதத்திலும் காஸ் காசு போனது எப்படி?

கேள்வி: வணக்கம் அக்கா. கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள். ஏப்ரலில்தான் வந்தோம். காஸுக்குக் கார்ட் மீற்றர், கடையில் காசு போட்டுக் கொண்டுவந்து செருகவேண்டும். கார்ட் சமையலறை லாச்சிக்குள் கிடந்தது. அதையே பாவியுங்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார். ஓகஸ்டில் நான்கு கிழமை யாழ்ப்பாணம் போய்விட்டோம். போகும்போது மீற்றரில் 3 பவுண் இருந்தது. பொய்லரையும் அணைத்துவிட்டுத்தான் போனோம். வந்து 20 பவுண் போட்டால் திரையில் 2 பவுண் 60 பென்ஸ் காட்டுகிறது! இப்போது குளிர் தொடங்கிவிட்டது, 10 பவுண் இரண்டு நாளுக்கும் காணாது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "நீங்கள் நாள் முழுக்கச் சமைக்கிறீர்கள், காஸ் முடியாமல் என்ன செய்யும்?" என்கிறார். மீற்றர் பழுதா, அக்கா?

பதில்: மீற்றர் அளவுக்கு அதிகமாக ஓடுவது நடக்காத காரியம் இல்லை. ஆனால் அதை நான் கடைசியில்தான் சந்தேகப்படுவேன். முதலில் ஓகஸ்ட் மாதக் கணக்கைப் பார்ப்போம். அந்த மாதத்தில் உங்கள் வீட்டில் சமையலும் இல்லை, குளியலும் இல்லை. அதனால் போன காசு எதற்குப் போனது என்று சுலபமாகப் பிரித்துவிடலாம்.

இருந்தது 3, போட்டது 20, மொத்தம் 23 பவுண். ஸ்டாண்டிங் சார்ஜ் என்று ஒரு நாள் கட்டணம் இருக்கிறது. ஒரு துளி காஸ் எரிக்காவிட்டாலும் அது ஓடும். அண்மைய ஆண்டுகளில் அது நாளுக்கு 30 பென்ஸ் அளவு, கம்பெனியையும் பகுதியையும் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். 28 நாளுக்கு 8 பவுண் 40 பென்ஸ். மீற்றரில் காசு முடிந்த பிறகும் இது கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும், அடுத்த முறை கார்டைச் செருகியதும் மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும். கோடையில் ஹீற்றிங் போடாதவர்கள் பலர் ஒக்ரோபரில் திடுக்கிடுவது இதனால்தான்.

சரி, அதைக் கழித்தால் 14 பவுண் 60 பென்ஸ் இருந்திருக்க வேண்டும். உங்களுக்குக் காட்டியது 2.60. மிச்சம் 12 பவுண், அதாவது கிழமைக்குச் சரியாக 3 பவுண். கசியும் காஸ் இப்படி முழு எண்ணில் போகாது. இது யாரோ ஒருவரின் பழைய கடனுக்கான தவணை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. லாச்சிக்குள் கிடந்த கார்ட் என்று நீங்கள் எழுதியது அந்தச் சந்தேகத்தைக் கூட்டுகிறது. கார்ட் மீற்றரில் கடனும் அதன் கிழமைத் தவணையும் மீற்றருக்குள்ளேயே பதிந்திருக்கும். முன்பு இருந்தவர் பாக்கி வைத்துவிட்டுப் போயிருந்தால், கம்பெனிக்கு நீங்கள் வந்தது தெரியும்வரை அது உங்கள் காசில்தான் கழியும்.

உறுதிப்படுத்துவது கடினமில்லை. மீற்றரில் உள்ள பொத்தானை அழுத்த அழுத்த ஒவ்வொரு திரையாக வரும். மிச்சக் காசு, மொத்தக் கடன், கிழமைக்குப் பிடிப்பது, காஸ் விலை எல்லாம் அதில் இருக்கும். எல்லாத் திரைகளையும் போனில் படம் எடுங்கள். மீற்றரின் தொடர் எண்ணும் ஒரு படத்தில் விழட்டும்.

கடன் இருந்தால் காஸ் கம்பெனியைக் கூப்பிட்டு, நீங்கள் குடிவந்த திகதி, அன்றைய வாசிப்பு தெரிந்தால் அது, வாடகை ஒப்பந்தம் மூன்றையும் கொடுங்கள். முன்பு இருந்தவரின் கடன் உங்கள் பொறுப்பில்லை. உங்கள் பெயரில் புதுக் கார்ட், மீற்றரில் கடனை நீக்குவது, ஏப்ரலிலிருந்து பிடித்த காசைத் திருப்பித் தருவது, இந்த மூன்றையும் ஒரே அழைப்பில் கேளுங்கள். மூன்றாவதை அவர்களாகச் சொல்லமாட்டார்கள். பிறகு அதையே மின்னஞ்சலிலும் எழுதிவிடுங்கள். எட்டுக் கிழமைக்குள் தீர்க்காவிட்டால், காஸ், கரண்ட் கம்பெனிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் எனர்ஜி ஓம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் காசு இல்லை. யாரிடம் என்ன பேசுவது என்று குழப்பமாக இருந்தால், இலவசமாக ஆலோசனை தரும் சிற்றிசன்ஸ் அட்வைஸின் நுகர்வோர் எண் 0808 223 1133.

புதுக் கார்டில் இன்னொரு நன்மையும் உண்டு. காஸ், கரண்ட் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஒஃப்ஜெம் வைக்கும் உச்ச விலை 2022 ஒக்ரோபரிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. கார்ட் மீற்றருக்குப் புது விலை அந்தக் கார்டின் வழியாகத்தான் போகவேண்டும். ஆகவே திரையில் காட்டும் விலையும் கம்பெனி சொல்லும் விலையும் ஒன்றா என்று கேட்டுவையுங்கள்.

இனிக் குளிர்காலச் செலவு. ஒரு கிழமை மட்டும் கணக்கு வையுங்கள். திங்கள் இரவு மீற்றர் வாசிப்பு, அடுத்த திங்கள் இரவு வாசிப்பு, இடையில் போட்ட காசு. கன மீற்றரில் வரும் வித்தியாசத்தை 11.2ஆல் பெருக்கினால் ஏறக்குறைய கிலோவாற் மணி வரும், காஸுக்கு விலை போடுவது அந்த அளவில்தான். (பழைய கன அடி மீற்றர் என்றால் ஒரு யூனிற் 2.83 கன மீற்றர்.) 30 கன மீற்றர் எரிந்தால் 336 கிலோவாற் மணி. ஒரு கிலோவாற் மணிக்கு விலை 6 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் 20 பவுண் சொச்சம், நாள் கட்டணத்தோடு 22க்கு மேல். நாலு பேர் இருக்கும் பழைய வீட்டுக்குக் குளிரில் இது அதிகமே இல்லை. நீங்கள் போட்டது 35, ஆனால் கணக்கு 22 என்று வந்தால் மிச்சத்துக்குக் கம்பெனிதான் பதில் சொல்லவேண்டும். கணக்கே 35 என்று வந்தால் காஸ் உண்மையில் எரிகிறது, அப்போது வீட்டுக்குள் தேடுங்கள்.

அந்தத் தேடலை அடுப்பில் தொடங்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரரின் சமையல் கதைக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். அடுப்பில் ஒரு சாதாரண பர்னர் 2 கிலோவாற் அளவு. நாளுக்கு இரண்டு மணித்தியாலம் முழுச் சுவாலையில் எரிந்தாலும் 4 கிலோவாற் மணி, 24 பென்ஸ். ஆட்டிறைச்சிக் கறி வைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வேண்டுமானால் இன்னொரு 10 பென்ஸ் சேருங்கள். பொய்லரோ பெரும்பாலும் 24 கிலோவாற் அளவு, முழு வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒன்றரைப் பவுண். ஆகவே பார்க்கவேண்டியது அங்கேதான். ஹீற்றிங் ரைமர் இரவெல்லாம் போட்டபடி இருக்கிறதா? அறையின் சூட்டைப் பார்த்துப் பொய்லரை நிற்பாட்டும் தெர்மோஸ்டாற் குளிரான நடைபாதையில் மாட்டியிருக்கிறதா? அப்படியென்றால் மற்ற அறைகள் வெந்தாலும் அது பொய்லரை நிற்பாட்டாது. கொம்பி பொய்லர் (தனித் தாங்கி இல்லாமல் சுடுதண்ணீரும் தருவது) என்றால் தண்ணீரை எந்நேரமும் சூடாக வைத்திருக்கும் முன்சூடு வசதியை அணைத்துவிடுங்கள். றேடியேற்றருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 60 பாகைக்குக் குறைத்துப் பாருங்கள். புகையோடு போகும் சூட்டையும் மீட்டெடுக்கும் இன்றைய கொண்டென்சிங் பொய்லர்கள் அந்தச் சூட்டில்தான் காஸை மிச்சம் பிடிக்கும்.

கடைசியாக மீற்றர். பொய்லர், அடுப்பு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வாசிப்பைக் குறியுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்துக் கடைசி இலக்கம் நகர்ந்திருந்தால் ஒன்றில் கசிவு, அல்லது மேல்மாடி வீட்டின் குழாய் உங்கள் மீற்றரில் பூட்டியிருக்கிறது. பெரிய வீட்டை இரண்டாகப் பிரித்த இடங்களில் இந்தக் குழப்பம் உண்டு. காஸ் மணம் வந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். லைற் சுவிச்சைத் தொடாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 0800 111 999க்கு அடியுங்கள். மணமில்லாமல் இலக்கம் மட்டும் ஓடினாலும் அதே எண்தான். வீட்டுக்காரரிடம் இந்த ஆண்டுக்கான காஸ் பாதுகாப்புச் சான்றிதழையும் கேளுங்கள். 12 மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பது அவருடைய சட்டப் பொறுப்பு. சமையலைப் பற்றிப் பேசுகிறவரிடம் அதையும் பேசலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கணக்கு உதைத்தால் மட்டும் மீற்றரைச் சோதிக்கச் சொல்லுங்கள். சோதனையில் மீற்றர் சரி என்று வந்தால் செலவை உங்களிடம் கேட்கலாம், அதை முதலே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹரோவில் வாடகை வீடு. முன்பணம் போடும் ஸ்மார்ட் மீற்றர். காஸ் கம்பெனியை மாற்ற வீட்டுக்காரர் விடமாட்டேன் என்கிறார். எங்களுக்கு 180 பவுண் கடனும் இருக்கிறது. மாறவே முடியாதா?

பதில்: கம்பெனிக்கு நேரடியாகக் காசு கட்டுவது நீங்கள் என்றால் கம்பெனியைத் தெரிவு செய்வதும் நீங்கள்தான். மீற்றரையே கழற்றி வேறு வகை பூட்டுவதென்றால் மட்டும் அவரிடம் கேட்பது நல்லது. முன்பணம் போடுபவர்கள் காஸுக்கு 500 பவுண், கரண்டுக்கு 500 பவுண் வரை கடனோடு மாறலாம், கடன் புதுக் கம்பெனிக்குப் போகும். மாறுவதற்கு முன் கிழமைத் தவணையையும் பாருங்கள். உங்கள் வரவுக்குத் தாங்காத தொகை என்றால் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களால் எவ்வளவு கட்டமுடியும் என்று பார்த்துத்தான் தவணை போடவேண்டும் என்பது கம்பெனிகளுக்கு ஒஃப்ஜெம் வைத்த விதி.