படித்தது ஏன் வாயில் வரவில்லை? – வாசகர் கேள்வி பதில்

புதிதாக ஒரு மொழியையோ கலையையோ கற்கத் தொடங்கியிருப்பவர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் சேலம் மாவட்டத்துக் கடிதங்களே மிகுதி. படிக்கும்போது எல்லாம் தெரிகிறது, தேவைப்படும் நேரத்தில் ஒன்றும் வருவதில்லை என்ற ஒரே குறையைத்தான் பலரும் வேறு வேறு சொற்களில் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஐந்துக்கு இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்கிறேன். சரக்கு கொடுக்க அடிக்கடி பெங்களூரு போகிறேன். கன்னடம் கற்க ஒரு புத்தகம் வாங்கி, மூன்று மாதமாக எழுத்துகளை எழுதிப் பழகுகிறேன். ஆனாலும் கடைக்காரரிடம் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியவில்லையே? – வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: நீங்கள் கன்னடம் கற்பது கடைக்காரரிடம் பேசுவதற்காக, மூன்று மாதமாகப் பழகியதோ எழுத்து. எழுத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை, அது பிறகு வரட்டும். முதலில் ஒரு நோட்டை எடுத்து, பெங்களூருக் கடையில் நீங்கள் வழக்கமாகப் பேசுவதை, நலம் விசாரிப்பதிலிருந்து பணத்தை எண்ணி வாங்குவது வரை, அப்படியே தமிழில் எழுதுங்கள். முப்பது, நாற்பது வாக்கியங்களுக்கு மேல் தேறாது. வீட்டில் கன்னடம் பேசும் குடும்பங்கள் சேலத்திலேயே நிறைய இருப்பதால், தெரிந்த ஒருவரை அந்த வாக்கியங்களைக் கன்னடத்தில் சொல்லச் செய்து கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாம். ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் பதிவை நிறுத்திவிட்டு, நோட்டைப் பார்க்காமல் உரக்கச் சொல்லி, பிறகு மீண்டும் கேட்டுத் திருத்திக்கொள்வதுதான் பயிற்சி. பதிவைப் பின்னணியில் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பதைப் பயிற்சியாக எண்ண வேண்டாம்.

தமிழருக்குக் கன்னடத்தில் பாதிச் சொற்கள் ஏற்கெனவே தெரிந்தவை. வேடம் மாறியிருப்பதால் அடையாளம் தெரிவதில்லை. சொல்லின் முதலில் இருந்த பழைய பகரம் அங்கே ஹகரமாகிவிட்டது: பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி, பூ ஹூவு. முதலில் வரும் வகரம் பகரமாகிவிட்டது: வா என்பது பா, வேர் என்பது பேரு, உங்கள் சரக்கான வெள்ளி பெள்ளி. செவி கிவியாகவும் சேரி கேரியாகவும் நிற்கின்றன. பிற்காலத்தில் வந்து சேர்ந்த சொற்களுக்கும் வடசொற்களுக்கும் இந்த விதி பொருந்தாது. புத்தகம் அங்கேயும் பகரத்தோடு ‘புஸ்தக’தான். இந்தப் பகரத்தைத் தமிழெழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வதில் ஓர் ஆபத்து உண்டு. ‘பெள்ளி’யின் பகரம், ‘பம்பரம்’ என்பதில் இரண்டாவதாக வரும் பகரத்தைப் போல ஒலிக்க வேண்டும். அதனால்தான் நோட்டை விடப் பதிவை நம்பச் சொல்கிறேன்.

பேரத்துக்கு வேண்டிய சொற்கள் மிகக் குறைவு. எஷ்டு என்றால் எவ்வளவு; பேக்கு என்றால் வேண்டும்; பேடா என்றால் வேண்டாம்; ‘ஸ்வல்ப கம்மி மாடி’ என்றால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். கொலுசு அங்கே கால்கெஜ்ஜெ. தமிழ்ச் சொல்லைப் போலவே ஒலித்து வேறு பொருள் தரும் சொற்களில் மட்டும் கவனமாக இருங்கள். அவர்கள் ‘மாடு’ என்பது ‘செய்’. ‘ஸாக்கு’ என்பது ‘போதும்’. கடை வாசலில் உங்களைப் பார்த்து ‘பன்னி’ என்று சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம், ‘வாருங்கள்’ என்று மரியாதையாக அழைக்கிறார்கள்.

வியாபாரிக்கு எல்லாவற்றுக்கும் மேலானது எண். ஒந்து, எரடு, மூரு என்று வரிசையாக ஒப்பிப்பது எளிது. வேகமாகச் சொல்லப்படும் தொகையைக் காதால் பிடிப்பதுதான் கடினம், அதிலும் ஆயிரத்துக்கு ‘ஸாவிர’ என்று வரும்போது ஒரு கணம் திகைத்துவிடுவோம். எனவே பதிவு செய்து தருபவரிடம் நூறு தொகைகளை வரிசை மாற்றிச் சொல்லச் சொல்லி, கேட்டவுடன் இலக்கத்தில் எழுதிப் பழகுங்கள். சேலத்திலிருந்து பெங்களூருக்குச் சுமார் 200 கிலோமீட்டர் என்பதால், பேருந்தில் உட்காரும் நேரமே இதற்குப் போதும்.

கேள்வி: பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஜப்பானில் வேலைக்குப் போக விரும்புகிறேன். கைப்பேசிச் செயலியில் ஒருநாள்கூட விடாமல் ஜப்பானிய மொழி படிக்கிறேன். மதிப்பெண்ணும் நன்றாக வருகிறது. ஆனால் ஒருவர் நேரில் கேட்டால் பதில் வருவதில்லை. செயலியை மாற்ற வேண்டுமா? – வாசகர், சூரமங்கலம்

பதில்: மாற்ற வேண்டியது செயலியை அன்று. நான்கு விடைகளைக் கண்முன் வைத்துச் சரியானதைத் தொடச் சொல்லும் பயிற்சியில், நீங்கள் சொல்லை அடையாளம் காண்கிறீர்களே தவிர நினைவிலிருந்து எடுப்பதில்லை. இவை இரண்டும் வெவ்வேறு திறன்கள். ரோடிகர், கார்பிக் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பகுதியை மீண்டும் படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்தபின் தாளை மூடிவிட்டு நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, மூடிவைத்து எழுதியவர்கள் முந்தினார்கள். இன்று நன்றாகத் தெரிகிறது என்ற உணர்வை அடுத்த வாரத்துக்கு நம்ப முடியாது என்பது இதிலிருந்து விளங்கும்.

செய்முறை எளிது. செபாஸ்டியன் லைட்னர் என்னும் ஜெர்மானியர் 1972இல் பரப்பிய அட்டைப்பெட்டி முறையை இன்றைய பல செயலிகள் வேறு வடிவில் பின்பற்றுகின்றன. வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய திருமணப் பத்திரிகைகளைச் சிறு அட்டைகளாக வெட்டி, ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் ஜப்பானியமும் எழுதுங்கள். இனிப்புப் பெட்டி ஒன்றில் ஐந்து தடுப்புகள் அமைத்து, எல்லா அட்டைகளையும் முதல் தடுப்பில் வையுங்கள். தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து ஜப்பானியத்தை வாய்விட்டுச் சொல்ல முடிந்தால் அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும். முடியாவிட்டால் எந்தத் தடுப்பில் இருந்தாலும் முதல் தடுப்புக்குத் திரும்பும். முதல் தடுப்பை நாள்தோறும் பார்க்க வேண்டும். பின்னால் போகப்போக இடைவெளி நீளும். சொல்லை மட்டும் எழுதாமல், அது வரும் ஒரு சிறு வாக்கியத்தை எழுதுவது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜப்பானியத்தை ஆங்கிலத்தின் வழியாகப் படிப்பது நமக்குத் தேவையற்ற சுற்றுவழி. ‘வதாஷி வா சேராமு நி இகிமாஸ்’ என்பதை ‘நான் சேலத்துக்குப் போகிறேன்’ என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வினை கடைசியில் நிற்கிறது. ‘நி’ நம்முடைய ‘கு’ உருபைப் போலப் பெயரின் பின்னால் ஒட்டுகிறது. ‘இகிமாஸ் கா’ என்று ஒரு ‘கா’ சேர்த்தால், நாம் ‘ஆ’ சேர்ப்பதைப் போலக் கேள்வியாகிவிடுகிறது. ஆங்கிலேயர் தலைகீழாகத் திருப்பிக்கொள்ள வேண்டிய வாக்கிய வரிசை நமக்கு வீட்டு வரிசை.

ஜூலையிலும் டிசம்பரிலும் நடைபெறும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகள் உண்டு. எந்த நிலையிலும் பேச்சுத் தேர்வு கிடையாது. சான்றிதழ் வாங்கியும் பேச வராதவர்கள் இருப்பது அதனால்தான். நேர்காணலில் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு ஒருவர் எதிரில் அமர்ந்து வாய்விட்டுப் பதில் சொல்வதை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 61. மருமகள் திருச்சூர்ப் பெண். சம்பந்தி வீட்டாருடன் மலையாளத்தில் பேச ஆசை. சிறுவயதில் பாதியில் விட்ட வீணையையும் தொடர விருப்பம். இந்த வயதில் மொழி ஏறாது என்கிறார்கள். எந்தக் கலைக்கும் 10,000 மணி நேரம் வேண்டும் என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கலாமா? – வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: தாராளமாகத் தொடங்கலாம், அம்மா. நெதர்லாந்தில் குடியேறி டச்சு மொழி கற்ற, ஆங்கிலம் பேசுவோரை ஆராய்ந்து 1978இல் வெளியான ஓர் ஆய்வில், தொடக்க மாதங்களில் சிறு குழந்தைகளை விடப் பதின்வயதினரும் பெரியவர்களுமே வேகமாகக் கற்றார்கள் என்று தெரியவந்தது. உச்சரிப்பில் நாளடைவில் குழந்தைகள் முந்தலாம். சம்பந்தியம்மாளுடன் பேச அது ஒரு தடையே இல்லை.

மலையாளத்தில் உங்களுக்கு உள்ள சிக்கல், அது மிக எளிதாகப் புரிந்துவிடுவது. கேட்டால் புரிகிறது, தமிழிலேயே பதில் சொன்னாலும் அவர்களுக்குப் புரிகிறது, ஆகவே மலையாளம் வாயில் ஏற வாய்ப்பே கிடைப்பதில்லை. மருமகளிடம் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: காலைக் காப்பி முடியும் வரை இருவரும் மலையாளம் மட்டும். தமிழில் போனேன், போனாள், போனார்கள் என்று மாறும் வினைமுற்று அங்கே ஞான் போயி, அவள் போயி, அவர் போயி என்று மாறாமலே நிற்பதால், இலக்கணத்தில் பாதிச் சுமை தானே குறைந்துவிடும்.

10,000 மணி நேரத்துக் கதையை மறந்துவிடுங்கள். எரிக்சன் என்னும் உளவியலாளரும் உடன் ஆய்ந்தவர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், பெர்லினில் வயலின் பயின்ற மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் செய்திருந்த தனிப்பயிற்சியின் சராசரியிலிருந்து பிறந்த எண் அது. கச்சேரி மேடையில் தொழில்முறையாக வாசிக்கப் போகிறவர்களின் கணக்கை, வீட்டுக் கூடத்தில் வாசிக்க விரும்புகிறவர் ஏன் சுமக்க வேண்டும்?

வீணையில் தொடக்கப் பயிற்சியான மாயாமாளவகௌளை ராகத்து சரளி வரிசையிலிருந்தே மீண்டும் தொடங்குங்கள். ஒரு அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) ஒரு ஸ்வரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு என்னும் மூன்று காலங்களில், அதாவது வேகங்களில், திரும்ப வருகிறவர்கள் பழைய நினைவில் மூன்றாம் காலத்துக்குத் தாவிவிடுவார்கள். விரல் தடுமாறும், அந்தத் தடுமாற்றமே பழக்கமாகிவிடும். முதல் காலத்தில் மூன்று முறை பிசகின்றி வந்த பிறகே இரண்டாம் காலத்துக்குச் செல்ல வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். வரிசை வந்துவிட்டால், ஸ்வரக் குறிப்பை மூடிவிட்டு வாசியுங்கள். இடக்கை விரல்களில் சிறிது தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டால் தந்தி அறுப்பது குறையும். தொடக்கத்தில் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காருவதை விடக் காலையில் கால் மணி, மாலையில் கால் மணி என்பது விரலுக்கும் நல்லது, நினைவுக்கும் நல்லது.

கேள்வி: ஏற்காட்டில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். வெளிமாநில விருந்தினர்களிடம் ஆங்கிலத்தில் இடங்களை விளக்க வேண்டியிருக்கிறது. மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைப்பதில்லை. வகுப்புக்குப் போக நேரமும் இல்லை. – வாசகர், ஏற்காடு

பதில்: உங்களுக்கு வகுப்பை விட நல்ல பாடத்திட்டம் விருந்தினர்களின் வாயிலிருந்தே கிடைக்கிறது. எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள்: எத்தனை வளைவுகள், எவ்வளவு உயரம், மரத்தில் படர்ந்திருக்கும் கொடி என்ன, காப்பி எப்போது பழுக்கும், படகுச் சவாரி எத்தனை மணி வரை. ஒவ்வொன்றுக்கும் நான்கு வாக்கிய விடை தயார் செய்யுங்கள். அடிவாரத்திலிருந்து வரும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஊர் கடல் மட்டத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருப்பது மிளகுக் கொடி. கோடை மழை விழுந்ததும் காப்பி பூத்து, நவம்பர் தொடங்கிப் பழம் பறிப்பார்கள். காக்பர்ன் என்னும் வெள்ளைக்காரக் கலெக்டர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் விருந்தினர்கள் விரும்பிக் கேட்பார்கள்.

ஆங்கிலம் நன்கறிந்த ஒருவரிடம் இந்த விடைகளைச் சொல்லிக் காட்டித் திருத்திக்கொண்டு, அவர் குரலிலேயே பதிவு வாங்கிவிடுங்கள். பதிவு கைப்பேசியிலேயே இருந்துவிட்டால் சிக்னல் பற்றிய கவலை இல்லை. ஏரிக்கரையில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில், இன்னோர் ஓட்டுநரை விருந்தினராக வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லிப் பழகலாம்; முதல் நாள் சிரிப்பாகத்தான் இருக்கும். வளைவுகளில் வண்டி ஓட்டிக்கொண்டே பயிற்சி செய்வது மட்டும் வேண்டாம். புரியாத கேள்வி வந்தால் திருப்பிச் சொல்லுமாறு பணிவாகக் கேட்கும் ஒரு வாக்கியத்தை முதல் நாளே பாடம் செய்துவிடுங்கள். விருந்தினர் கேட்ட புதுக் கேள்வியை அன்றிரவே குறித்துவைத்தால், அடுத்த சீசனுக்குள் உங்கள் நோட்டு ஒரு நல்ல வழிகாட்டிப் புத்தகமாகிவிடும்.

கேள்வி: தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்திருக்கிறேன். விசைகளைப் பார்த்தால் வேகமாக அடிக்கிறேன். பார்க்காமல் அடித்தால் பிழை வருகிறது. தமிழும் சேர்த்துப் பழகலாமா? – வாசகி, ஆத்தூர்

பதில்: பார்த்து அடிக்கும் வேகம் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது, ஆங்கில இளநிலைத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொற்களும் முதுநிலைக்கு 45 சொற்களும் தேவை. விரல்களின் மேல் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு, பயிலகத்தில் முதல் நாள் கொடுத்த ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ வரிசைக்கே சில நாட்கள் திரும்புங்கள். வேகம் பாதியாகக் குறையும், குறையட்டும். தமிழை ஆங்கில இளநிலை முடிந்தபின் தொடங்குவது நல்லது. தட்டச்சு இயந்திரத்தின் தமிழ் விசை அமைப்பும், கணினிக்காக 1999இல் ஏற்கப்பட்ட தமிழ்99 அமைப்பும் வேறு வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் பழகினால் விரல்கள் குழம்பும். அரசுத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் பயிலகத்து அமைப்பையும், கணினியில் எழுதினால் போதும் என்றால் தமிழ்99ஐயும் தேர்ந்துகொள்ளுங்கள்.