மாடல் கார் செய்யும் கம்பெனி மூடிவிட்டால் நம் சேகரிப்பு என்ன ஆகும்?

1:43 அளவுக் கார்களை (நிஜக் காரில் 43-ல் ஒரு பங்கு) வாங்கி வரும் நண்பர் கேட்கிறார்: அவற்றைச் செய்யும் கம்பெனி தடுமாறுகிறது என்கிறார்கள், மேலும் வாங்கலாமா?

நான் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். சிறுவயதில் அப்பா வாங்கித் தந்த மேட்ச்பாக்ஸ் கார்கள் இன்றும் என் அலமாரியில் இருக்கின்றன. அவற்றைச் செய்த லெஸ்னி கம்பெனி 1982-ல் நொடித்துப்போனது. ஆனால் பெயரும் கார்களை வார்க்கும் அச்சுகளும் யுனிவர்சல் என்ற பொம்மைக் கம்பெனிக்குப் போயின, 1992-ல் டைக்கோ, 1997-ல் மேட்டல் என்று வேறு கம்பெனிகளுக்குக் கைமாறின. மேட்ச்பாக்ஸ் இன்றும் கடையில் கிடைக்கிறது. பிரான்சின் மஜோரெட்டும் அப்படித்தான், 2010-ல் சிம்பா டிக்கி கம்பெனி அதை வாங்கியது. டிங்கி என்ற பழைய மாடல் கார்களின் லிவர்பூல் ஆலை மட்டும் 1979-ல் மூடியதோடு சரி. பெயர் பிறகு திரும்பி வந்தது, பழைய டிங்கி வரவில்லை.

அதனால் கம்பெனி போவதைவிட அச்சுகள் யார் கைக்குப் போகின்றன என்று பாருங்கள். புதியவர் அதே அச்சில் மறுபடி வார்த்தால், அரிது என்று அதிக விலை கொடுத்து வாங்கிய கார் மலிந்துவிடலாம். தொடரில் விட்டுப்போன ஒன்றிரண்டை இப்போதே வாங்குங்கள், பதறி எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். வெளிவராத மாடலுக்கு முன்பணம் கட்டவே கட்டாதீர்கள்.

அப்புறம், நம் கடற்கரை ஈரம். அட்டைப்பெட்டி பூசணம் பிடிக்கும், ரப்பர் டயர் பிசுபிசுக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வெயில் படாமல் வையுங்கள். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய மாடல் கார் என்றால் உடலில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். உடலை வார்த்த துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்திருந்தால் அது உள்ளிருந்தே நொறுங்கும், அதற்கு மருந்து கிடையாது.